இசை மென்பொருளும் பொதுக் காப்பகமும்

வீணை செய்பவன் பலாமரத்தை நாடுகிறான். தவில் செய்பவனும் அம்மரத்தையே தேடிச் செல்கிறான். மரமும் தோலும் தந்தியும் உலோகமும் இன்றி இசைக்கருவி அமையாது என்பது நெடுங்காலமாக ஐயத்துக்கு இடமின்றி ஏற்கப்பட்டு வந்த கொள்கை. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் இக்கொள்கைக்கு ஒரு புறநடை தோன்றியது. எழுத்தினாலேயே ஓர் இசைக்கருவியைச் செய்யலாம் என்பதே அது. இவ்வொலி இவ்வாறு பிறந்து, இவ்வாறு வளர்ந்து, இவ்வாறு அடங்குக என்று கணினிக்கு விளங்கும் மொழியில் வரி வரியாக எழுதி வைத்தால், கணினி அதனைப் படித்து ஒலியாக்கித் தருகிறது. இவ்வாறு எழுதப்பட்டதையே இசை மென்பொருள் என்கின்றனர்.

எழுத்தால் ஆன கருவிக்கு ஒரு சிறப்பு உண்டு. ஒரு குறையும் உண்டு. வீணையைப் பிறருக்கு ஈந்தவரிடம் பின்னர் வீணை இல்லை. மென்பொருளை ஈந்தால் அது இருவரிடமும் இருக்கும். ஆயிரவருக்கு ஈந்தாலும் குறையாது. இது சிறப்பு. இனிக் குறையைப் பார்ப்பின், வீணை பல்லாண்டு பரணிலே கிடந்தாலும் தந்தியும் மெழுகும் மாற்றி மீட்டிவிடலாம். மென்பொருள் இருபது ஆண்டு கவனிப்பாரற்றுக் கிடந்தால், அதனைப் படிக்க வல்ல கணினியே புழக்கத்தில் இல்லாமற் போகும். கொடுத்தாற் குறையாத இப்பொருள் கொடாது வைத்தால் அழிந்துவிடுகிறது. ஆதலினாலேயே இசை மென்பொருளை யாவரும் கட்டணமின்றி எடுத்துப் பயன்படுத்தவும் பகிரவும் கூடிய பொதுக் காப்பகம் ஒன்று வேண்டும் என்னும் எண்ணம், இத்துறை தோன்றிய காலந்தொட்டே அறிஞர் சிலரிடம் இருந்து வந்துள்ளது.

கணினியைக் கொண்டு மெட்டு எழுப்பும் முயற்சிகள் 1951 ஆம் ஆண்டிலேயே அவுஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் நடந்தன. ஆயினும், விரும்பிய எவ்வொலியையும் எழுத்தால் ஆக்குவதற்குரிய செய்நிரலை வகுத்தவர் ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய மக்ஸ் மத்தியூஸ் என்னும் பொறியியலாளர் ஆவார். 1957 ஆம் ஆண்டு ஐ.பி.எம். 704 என்னும் பேருருவக் கணினி ஒன்று, அவர் எழுதிய ‘மியூசிக்’ என்ற செய்நிரலின்படி 17 செக்கன் நேரம் இசை ஒலித்தது. அக்கணினி இருந்தது நியூயோர்க் நகரில்; எண்களை ஒலியாக மாற்றும் பொறி இருந்ததோ நியூ ஜேர்சியில். எண்கள் பதிந்த காந்த நாடாவை எடுத்துக்கொண்டு, இசையைக் கேட்பதற்காக மோட்டார் வண்டியிற் பயணஞ் செய்ய வேண்டியிருந்தது. இன்று பாடசாலைச் சிறுவன் சட்டைப் பையில் வைத்திருக்கும் கைபேசி அதைக் காட்டிலும் பன்மடங்கு வலியது.

மத்தியூஸ் தம் செய்நிரலைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. கேட்ட பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பினார். இங்கே ஓர் இடர் எழுந்தது. அவருடைய நான்காம் செய்நிரல் குறித்த ஓரினக் கணினியின் தனிமொழியில் எழுதப்பட்டிருந்தது. அக்கணினிகள் ஓய்வு பெற்றபோது செய்நிரலும் அவற்றோடு ஓய்ந்தது. ஆகவே 1960களின் பிற்பகுதியில் வந்த ஐந்தாவதை, எந்தக் கணினியிலும் இயங்கத்தக்க ‘போட்ரான்’ என்னும் பொதுமொழியில் எழுதினார். மென்பொருட் காப்பகம் பற்றிச் சிந்திப்போர் முதலிற் பயில வேண்டிய பாடம் இதுவே. பூட்டிய பெட்டி போன்று இயங்குநிலைக் கோப்பை மட்டும் காத்து வைத்தாற் பயனில்லை. அதன் மூலநிரல், அஃதாவது மனிதர் படித்து விளங்கக்கூடிய எழுத்து வடிவம், கூடவே இருத்தல் வேண்டும்.

அதே ஆய்வுகூடத்தில் பிரெஞ்சு நாட்டவரான ஷான் குளோட் றிசே என்பவர் 1969 ஆம் ஆண்டில் ஒரு பட்டியலைத் தொகுத்து வெளியிட்டார். பித்தளைக் குழல் போன்ற ஒலி, மணியோசை, கீழே இறங்கிக்கொண்டே போய் ஒருபோதும் அடியைத் தொடாததுபோற் செவியை மயக்கும் ஒலி என்று, கணினியில் ஆக்கிய பல ஒலிகள் அதில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் அதனை ஆக்கும் செய்நிரல் வரிகளும், ஏன் அவ்வாறு எழுதப்பட்டது என்னும் விளக்கமும் தரப்பட்டன. சமையற் குறிப்பு நூல் போன்றது என்று இதனைச் சொல்லலாம். கறியை மட்டும் பரிமாறாமற் செய்முறையையும் எழுதிக் கொடுத்தார். விளைவு யாதெனில், அந்தக் கணினிகளில் ஒன்றேனும் இன்று வழக்கில் இல்லாத போதிலும், அப்பட்டியலின் ஒலிகளைப் பிற்காலத்தவர் புதிய மென்பொருள்களில் மீண்டும் எழுதி ஒலிக்கச் செய்துள்ளனர். பகிர்ந்து வைத்த எழுத்து பிழைத்துக்கொண்டது.

இதற்கு மாறான வழியும் அக்காலத்திலேயே திறந்தது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்து ஜோன் சௌனிங் 1967 ஆம் ஆண்டு கண்டறிந்த ஒலியாக்க முறையொன்று காப்புரிமை பெற்று, யப்பானின் யமஹா நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. 1983 இல் வெளிவந்த டீ.எக்ஸ். 7 என்னும் விசைப்பலகைக் கருவி அம்முறையால் உலகெங்கும் பரவியது. பல்கலைக்கழகத்துக்கு நல்ல வருவாய் கிடைத்தது. கலைஞருக்கு நல்ல கருவி கிடைத்தது. இதிற் குற்றங் காண்பதற்கில்லை. ஆயினும் காப்புரிமைக் காலம் முடியும்வரை, அம்முறையைக் கொண்டு வேறு கருவி செய்து விற்க விரும்பியோர் காத்திருக்க வேண்டியிருந்தது. வாணிகமும் பொதுமையும் இத்துறையில் இணைந்தே வளர்ந்தன என்பதே இங்கு கூறக் கருதியது.

பொதுமையின் பக்கம் நின்ற மூன்று மென்பொருள்களைக் குறிப்பிடாமல் அப்பாற் செல்ல இயலாது. மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் பாரி வெர்க்கோ 1986 இல் ஆக்கிய ‘சீசவுண்ட்’ மத்தியூஸின் மரபில் வந்தது. தொடக்கத்தில் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டுமே அனுமதி என்ற வரையறை அதற்கு இருந்தது. பின்னர் அவ்வரையறை நீங்கி முழுமையான பொது உரிமத்தின் கீழ் வந்தது. பல்லாண்டுக்கு முன் அதற்கென எழுதிய இசைக் கோப்புகள் இன்றைய பதிப்பிலும் இயங்க வேண்டும் என்பதை அதனைப் பேணுவோர் நோன்பு போற் காத்து வருகின்றனர். பாரிசு நகரின் இசை ஆராய்ச்சி நிலையத்தில் தாம் முன்னர் உருவாக்கிய மென்பொருள் விற்பனைப் பண்டமாகிவிட்ட நிலையில், மில்லர் பக்கெற் என்பவர் 1990களில் ‘பியூர் டேற்றா’ என்ற பெயரிற் புதிதாக ஒன்றை எழுதி யாவர்க்கும் வழங்கினார். ஜேம்ஸ் மக்கார்ட்னி என்பவரின் ‘சூப்பர்கொலைடர்’ முதலில் விலைக்கு விற்கப்பட்டது. 2002 ஆம் ஆண்டு அதன் ஆசிரியரே அதனைப் பொதுவுடைமையாக்கினார். இம்மூன்றும் இன்றுவரை வளர்ந்து வருகின்றன.

இவையெல்லாம் யாழ்ப்பாணத்தவருக்கு எதன் பொருட்டு என்று ஒருவர் வினவலாம். வினா நியாயமானதே.

கொழும்புத்துறையில் வாழும் ஒரு மாணவி வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைக்குப் பயில்கிறாள் என்று கொள்க. தம்புரா வாங்க வசதியில்லை. கைபேசியிற் சுருதி கூட்டிக்கொள்கிறாள். இலத்திரனியற் தம்புரா 1979 ஆம் ஆண்டு பெங்களூரிற் புல்லாங்குழல் வாசிப்பவருமான ஒரு பொறியியலாளரால் உருவாக்கப்பட்டது. அதன் வழித்தோன்றல்களே இன்று கைபேசியில் மென்பொருளாக இருப்பவை. அவளுடைய அண்ணனோ திருமண வீடுகளுக்கும் கோவிற் திருவிழாக்களுக்கும் செல்லும் இசைக்குழுவில் ‘ஓகன்’ வாசிக்கிறான். அவனது கணினியில் உள்ள இசை மென்பொருள் விலை கொடுத்து வாங்கியதன்று. எவரோ பூட்டுடைத்துப் பிரதிசெய்தது. அதன் விலை ஒரு தொழிலாளியின் பல மாத ஊதியத்துக்கு நிகர். வாங்க இயலாதவன் திருடுகிறான். திருட்டுப் பிரதியோடு வைரஸ் என்னும் நோயும் வருகிறது. கட்டணமின்றி முறையாகப் பெறத்தக்கவை உண்டு என்பதை அவனுக்குச் சொல்லுவாரில்லை. சொன்னாலும், அவற்றைப் பயிலுவதற்குத் தமிழிற் கையேடு கிடைப்பது அரிது.

இதனினும் ஆழமான காரணம் சுருதியைப் பற்றியது. விற்பனைக்கு வரும் விசைப்பலகைகளும் மென்பொருள்களும் பெரும்பாலும் மேனாட்டு முறையை அடிப்படையாகக் கொண்டவை. அம்முறையில் ஒரு ஸ்தாயி சரிசமமான பன்னிரண்டு படிகளாக வெட்டப்படுகிறது. ஸ்தாயி முழுவதையும் 1200 சென்ற் என்னும் நுண்கூறுகளாகக் கொண்டால், ஒவ்வொரு படிக்கும் 100 சென்ற். தம்புராவின் தந்தியிலிருந்து தானே எழும் காந்தாரம் 386 அளவில் நிற்க, விசைப்பலகையின் காந்தாரம் 400 இல் நிற்கிறது. இந்தப் பதினான்கின் வேறுபாட்டைப் பயின்ற செவி உடனே உணரும். பஞ்சமத்திலோ வேறுபாடு இரண்டே சென்ற். அது பெரும்பாலும் செவிக்குப் புலப்படாது. சுரங்கள் நின்ற இடத்தில் நில்லாமல் அசைவதே கமகம். தோடி இராகத்துக் காந்தாரத்தைப் படிகளால் ஆன ஏணியில் ஏற்றிவிட முடியுமா? 1983 இல் ஏற்படுத்தப்பட்ட ‘மிடி’ என்னும் பொது நியமம் சுரங்களைப் பூச்சியம் முதல் 127 வரையான எண்களாற் குறிக்கிறது. அந்த எண்களுக்கிடையே உள்ள வெளியிலேதான் தமிழர் இசையின் உயிர் பெரிதும் இருக்கிறது.

பூட்டிய மென்பொருளில் இதனைத் திருத்த வழியில்லை. மூலநிரல் திறந்திருப்பின் திருத்தலாம். பலர் திருத்தியும் உள்ளனர். சென்னையைச் சேர்ந்த எம். சுப்பிரமணியன் என்பவர் ‘காயகா’ என்னும் மென்பொருளை ஆக்கினார். சுர எழுத்துகளைத் தட்டச்சுச் செய்து கொடுத்தால், கமகத்தோடு வாசித்துக் காட்டும் நோக்குடையது அது. ஒரு தனி மனிதர் பல்லாண்டு உழைத்து, ஒவ்வோர் இராகத்திலும் சுரம் எவ்வாறு அசைகிறது என்பதை அளந்து எழுதிய பணி அது. நெதர்லாந்தில் ‘ஸ்காலா’ என்னும் மென்பொருளோடு சேர்த்துப் பேணப்படும் சுருதி அளவைத் தொகுப்பொன்றில், உலகின் பல நாட்டுச் சுருதி முறைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன, எவரும் இறக்கிக்கொள்ளலாம். இந்திய இசையின் இருபத்திரண்டு சுருதிகளுக்குரிய அளவுகளும் அவற்றுள் அடங்கும். இவ்விரண்டு பணிகளையும் ஒருங்கே எடுத்து வைத்து, தமிழில் விளக்கம் எழுதி, பாடசாலைச் சங்கீத ஆசிரியர் கையிற் கொடுப்பாரைத்தான் காணவில்லை.

பார்சலோனா நகரின் பொம்பேயு பப்ரா பல்கலைக்கழகம் இத்தகைய பணியைப் பெரிய அளவிற் செய்துள்ளது. அங்குள்ள இசைத் தொழினுட்பக் குழுவினர் 2005 இல் ‘பிறீசவுண்ட்’ என்னும் ஒலிக் காப்பகத்தைத் தொடங்கினர். மழை, அலை, பறவை, இசைக்கருவி என்று உலகெங்கும் இருந்து மக்கள் பதிந்து அனுப்பிய ஒலிகள், பகிர்வு உரிமத்தோடு அதிற் சேர்ந்துகொண்டே வருகின்றன. அதே குழுவினர் சேவியர் செர்ராவின் தலைமையில் 2011 முதல் 2017 வரை நடத்திய ஆராய்ச்சியில் உலகின் ஐந்து இசை மரபுகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. அவற்றுள் ஒன்று கர்நாடக இசை. சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகமும் அதிற் பங்குகொண்டது. ஆராய்ச்சியின் விளைவாகிய மென்பொருள்களும், ‘சராகா’ என்று பெயரிட்ட கச்சேரிப் பதிவுத் தொகுதியும் வெளியாருக்கும் திறந்துவிடப்பட்டன. கர்நாடக இசையின் இலத்திரனியற் காப்பகம் ஸ்பெயின் நாட்டில் எழுந்தது என்பதிற் பெருமைப்படுவதா நாணுவதா என்பது அவரவர் மனப்பாங்கைப் பொறுத்தது.

இலவச இணையத் தளங்களில் வைத்திருக்கிறோமே, அது போதாதா என்று கேட்போர் உளர். போதாது. கூகிள் நிறுவனம் மென்பொருள் எழுதுவோருக்கெனக் கட்டணமின்றி நடத்திய ‘கூகிள் கோட்’ என்ற களஞ்சியத்தை மூடப்போவதாக 2015 இல் அறிவித்து, அடுத்த ஆண்டில் மூடியது. அதுபோன்ற மற்றொரு களஞ்சியமும் 2015 இலேயே மூடப்பட்டது. பிரான்சு நாட்டில் ஓர் அரச ஆராய்ச்சி நிறுவகம் 2016 இல் அறிமுகஞ்செய்த ‘சொப்ற்வெயார் ஹெரிற்றேஜ்’ என்னும் மென்பொருட் காப்பகம் அவ்விரண்டிலும் இருந்தவற்றை எடுத்துக் காத்தது. ஒருவர் வீட்டுத் திண்ணையில் வைத்த பொருளுக்கு அவ்வீட்டுக்காரரின் மனமே காவல்.

யாழ்ப்பாணத்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1981 ஆம் ஆண்டு மே மாதம் 31 ஆந் திகதி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருந்த ஏடுகள் திரும்பவில்லை. அந்த நினைவிலிருந்து எழுந்த முயற்சிகளுள் ஒன்றாக 2005 இல் ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்தை இளைஞர் சிலர் தொடங்கினர். அதற்கு ஏழாண்டு முன்னர், 1998 ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று, சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம் ‘மதுரைத் திட்டம்’ என்ற பெயரிற் தமிழ் இலக்கியங்களை மின்பதிப்பாக்கத் தொடங்கியிருந்தார். இரண்டும் தன்னார்வத் தொண்டர்களின் உழைப்பால் வளர்ந்தவை. ‘நூலகம்’ பின்னர் ஒலி, ஒளி, புகைப்படம் ஆகியவற்றுக்காக ‘ஆவணகம்’ என்னும் தனித்தளத்தையும் அமைத்தது. ஆகவே காப்பகம் நடத்தும் கலை ஈழத்தவருக்குப் புதியதன்று. நூலுக்கும் ஒலிநாடாவுக்கும் செய்ததை மென்பொருளுக்கும் செய்வதே எஞ்சியுள்ளது.

தொகுத்தல் என்பது ஆக்குவதினின்றும் வேறுபட்ட ஒரு தொண்டு. கொழும்புத்துறையில் வாழ்ந்து 1964 இல் மறைந்த யோகர் சுவாமிகள் அவ்வப்போது பாடியவற்றை அருகிருந்தோர் எழுதிக்கொண்டனர். அவ்வெழுத்துகள் தனித்தனிக் கொப்பிகளில் நின்றிருப்பின் இன்று எத்தனை கிடைத்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. ஒருவர் வீட்டிலிருந்து இன்னொருவர் வீட்டுக்குச் சென்று சேர்த்து, ஒப்புநோக்கி, ‘நற்சிந்தனை’ என்ற நூலாக்கியதனாலேயே அவை ஊருக்குப் பொதுவாயின.

இசை மென்பொருட் காப்பகத்துக்கும் வேண்டப்படுவது அத்தகைய உழைப்பே. அதில் முதலாவது இடர் உரிமை பற்றியது. விலையின்றிக் கிடைப்பது வேறு. பிறருக்குப் பகிர உரிமையுள்ளது வேறு. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினிச் செய்நிரலையும் நூலைப் போன்றே பாதுகாக்கிறது. ஆசிரியர் கைவிட்ட பழைய மென்பொருளாயினும் அவர் அனுமதியின்றி எடுத்து வழங்குதல் சட்டத்துக்கு முரணாகும். ஆகவே காப்பகத்தார் பலவற்றை மறுக்க நேரிடும். சிலவற்றுக்காக ஆசிரியருக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க நேரிடும். ஒரு திருட்டுப் பிரதி நுழைந்துவிட்டாலும் காப்பகத்தின் நற்பெயர் போய்விடும். இதில் தாட்சணியம் பார்த்தல் கூடாது.

இரண்டாவது, விளக்கம். ஒவ்வொரு மென்பொருளும் என்ன செய்கிறது, எந்தக் கணினியில் இயங்குகிறது, எவ்வாறு நிறுவுவது, சுருதியை எங்கே மாற்றுவது என்று எளிய தமிழில் இரண்டு பக்கம் எழுதுதல் வேண்டும். எழுதுபவர் அதனைத் தாமே இயக்கிப் பார்த்திருத்தல் வேண்டும். மருதனார்மடத்து இராமநாதன் இசைக்கல்லூரியின் வழிவந்த கலைப்பிரிவும், திருநெல்வேலியிற் கணினி விஞ்ஞானத் துறையும் ஒரே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு உரியவை. இரண்டுக்கும் இடையேயுள்ள தூரம் துவிச்சக்கரவண்டியிற் கடக்கத்தக்கது. இசை மாணவன் குறையைச் சொல்ல, கணினி மாணவன் மூலநிரலைத் திருத்தினால், ஓராண்டு இறுதிப் பயிற்சிக்கு அதனினும் நல்ல பொருள் கிடைப்பது அரிது.

மூன்றாவது, இணையமின்றியும் கிடைத்தல். 1990 ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றி வானொலியும் ஒலிநாடாவும் கேட்டவர்கள் இன்றும் இருக்கின்றனர். அத்தகைய காலம் மீளாதிருக்கட்டும். எனினும் வட்டுகளிற் பிரதிசெய்து பாடசாலைக்கு ஒன்று, சனசமூக நிலையத்துக்கு ஒன்று என்று வைத்துவிட்டால், இணையத்துக்குக் கட்டணம் செலுத்த இயலாத வீட்டுப் பிள்ளையும் பென்டிரைவிற் பெற்றுச் செல்லலாம். சீசவுண்டும் பியூர் டேற்றாவும் பெரிய கணினியை வேண்டி நிற்பவையல்ல. அலுவலகம் கழித்துவிட்ட பழைய கணினியிலும் இயங்குவன. கர்நாடக சங்கீதத்தைப் பாடமாகக் கற்பிக்கும் பாடசாலைகளிற் பலவற்றில் அத்தகைய கணினிகள் துணி போர்த்துக் கிடக்கின்றன.

மென்பொருளோடு அது கையாளும் ஒலிகளையும் சேர்த்தாலன்றிக் காப்பகம் நிறைவு பெறாது. விற்பனையிலுள்ள தாளத் தொகுதிகளில் மேனாட்டு முரசுகள் பலவகை உள்ளன. தபேலாவும் ஓரளவு உண்டு. தவிலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தட்சிணாமூர்த்தியைத் தந்த மண் யாழ்ப்பாணம். 1933 இற் பிறந்து 1975 இல் மறைந்த அந்த மேதையின் வாசிப்பு நாடாப் பதிவுகளில் எஞ்சியுள்ளது. அம்மரபில் வந்த கலைஞர்கள் இன்றும் குடாநாட்டுக் கோவில்களில் வாசிக்கின்றனர். அவர்களுள் ஒருவரை அமைதியான ஓர் அறையில் அமர்த்தி, வலந்தலையிற் கூடணிந்த விரல்கள் எழுப்பும் ஒலிகளையும், இடந்தலையிற் கழி எழுப்பும் ஒலிகளையும், ஒவ்வொரு சொல்லாக, மெல்லவும் வலியவும் பலமுறை வாசிக்கச் செய்து பதிதல் வேண்டும். உரிய சன்மானம் கொடுத்து, இவ்வொலிகளை யாவரும் பயன்படுத்தலாம் என்ற அனுமதியை அவரிடம் எழுத்திற் பெறுதலும் வேண்டும். வாசித்தவர் பெயர், தவில் செய்தவர் பெயர், நாள், இடம் என்பனவும் ஒவ்வொரு கோப்போடும் செல்லுதல் வேண்டும். நாதசுரத்துக்கு இம்முறை பொருந்தாது. அங்கே சுரம் தனித்து நில்லாமையால், முழு ஆலாபனையாகவே பதிந்து, அதன் அசைவை அளக்கும் மென்பொருளை அதனருகில் வைக்க வேண்டும்.